கிளாரண்டன்: கூவி விற்கப் பிறந்த எழுத்து

புதிதாகத் திறந்த காப்பிக்கடை ஒன்றை மனதில் கொண்டு வாருங்கள். பூசாத செங்கல் சுவர். கூரையிலிருந்து தொங்கும் மஞ்சள் பல்பு. வாசலில் பெயர்ப்பலகை. அதில் கடையின் பெயர் ஆங்கிலத்தில், தடித்தடியான எழுத்துகளில். ஒவ்வொரு எழுத்தின் காலடியிலும் கனமான ஒரு பட்டை. மை சரியாக ஒட்டாத மாதிரி, ஓரம் தேய்ந்த மாதிரி ஒரு வேலைப்பாடு. கீழே பொடியாக "நிறுவப்பட்ட ஆண்டு" என்று போட்டு ஓர் எண். கிட்டப் போய்ப் பார்த்தால் அது போன வருஷம்!

இந்த எழுத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பர்கர் கடை, தாடி எண்ணெய் பாட்டில், கைவினை சோப்பு, கல்லூரி விழா டீ-ஷர்ட் என்று எங்கும் இருக்கிறது. "பழைய காலத்து லுக் வேண்டும்" என்று யாராவது கேட்டால் டிசைனரின் கை தானாகப் போகும் இடம் இதுதான். இந்த வகைக்கு ஸ்லாப் செரிஃப் என்று பெயர். இந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களில் ரொம்பப் பிரபலமானவர் கிளாரண்டன். பிறந்த ஆண்டு 1845. ஊர் லண்டன்.

அருமையான எழுத்து. ஆனால் இன்று அதற்குக் கொடுக்கப்படுகிற வேலை பெரும்பாலும் அதன் வேலையே இல்லை. அது எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தப்பைச் செய்ய மனசு வராது. கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

அதென்ன ஸ்லாப்?

ஆங்கில எழுத்துகளின் முனைகளைக் கவனியுங்கள். சில எழுத்துருக்களில் கோடு அப்படியே வெட்டியது போல முடிந்துவிடும். ஏரியல், ஹெல்வெட்டிகா எல்லாம் இந்த வகை. வேறு சிலவற்றில் கோட்டின் முனையில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு இருக்கும். டைம்ஸ் நியூ ரோமனில் பார்க்கலாம். இந்தக் குறுக்குக் கோட்டுக்குத்தான் செரிஃப் என்று பெயர். டைம்ஸில் அது மெல்லியதாக, கூர்மையாக இருக்கும். அதையே பலகை மாதிரி தடிமனாக்கி வைத்தால் ஸ்லாப் செரிஃப். வீடு கட்டும்போது போடுகிற ஸ்லாப் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை, அதே சொல்தான்.

இதிலும் உட்பிரிவுகள் உண்டு. பட்டை, தண்டோடு செங்கோணமாக வந்து முட்டினால் அது 'எகிப்தியன்' வகை. ராக்வெல் இதற்கு நல்ல உதாரணம், ஸ்கேல் வைத்துக் கட்டியது போல இருக்கும். தண்டும் பட்டையும் சேரும் இடத்தில் ஒரு சின்ன வளைவு இருந்தால், மரக்கிளை அடிமரத்தோடு சேருவது போல இருந்தால், அது கிளாரண்டன் வகை. தண்டைவிடப் பட்டையே தடிமனாக இருந்தால் அது 'பிரெஞ்சு கிளாரண்டன்'. கௌபாய் படங்களில் "தேடப்படுகிறார்" என்று குதிரைத் திருடன் படத்துக்கு மேலே வருமே, அந்த எழுத்து. எம்.எஸ். ஆபீஸ் வைத்திருப்பவர்கள் எழுத்துருப் பட்டியலில் பிளேபில் என்று தேடிப் பாருங்கள். 1938-ல் ராபர்ட் ஹார்லிங் வரைந்தது. இந்த வகைதான்.

லாட்டரிச் சீட்டும் புது எழுத்தும்

அச்சு வந்து முந்நூறு வருஷங்களுக்கும் மேலாக எழுத்துகள் புத்தகத்துக்காகத்தான் வார்க்கப்பட்டன. கையில் வைத்து, ஒரு முழத் தூரத்தில் படிப்பதற்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நிலைமை மாறுகிறது. தொழிற்சாலைகள் வருகின்றன, கடைகள் பெருகுகின்றன, விற்க வேண்டிய சரக்கு குவிகிறது. சுவர் முழுக்க நோட்டீஸ். நாடகம், மருந்து, கப்பல் பயணம், எல்லாவற்றுக்கும் மேலாக அரசாங்க லாட்டரி. தெருவில் நடந்து போகிறவனை நிறுத்திப் படிக்க வைக்க வேண்டும். புத்தக எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதவில்லை.

முதலில் 'ஃபேட் ஃபேஸ்' என்ற குண்டு எழுத்துகள் வந்தன. தண்டுகள் பயங்கரத் தடிமன், இணைப்புக் கோடுகள் மட்டும் மயிரிழை. பக்கத்தில் நின்றால் பகட்டாக இருக்கும். பத்தடி தள்ளிப் போனால் மயிரிழைகள் மறைந்து வெறும் கறுப்புத் தூண்கள் மட்டும் தெரியும். அச்சு யந்திரத்தின் அழுத்தத்தில் அந்த மெல்லிய கோடுகள் சீக்கிரம் நசுங்கவும் செய்யும்.

இதற்கு விடைதான் ஸ்லாப். மெல்லிய கோடே வேண்டாம், எல்லாவற்றையும் தடிமனாக்கு! லண்டனில் எழுத்து வார்க்கும் பட்டறை வைத்திருந்த வின்சென்ட் ஃபிகின்ஸ், 1815 முதல் 1817 வாக்கில் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் இந்த வகையை முதலில் அச்சிட்டுக் காட்டினார். அவர் வைத்த பெயர் 'ஆன்டீக்', அதாவது புராதனம். அன்றைக்குத்தான் பிறந்த எழுத்து, பெயரோ புராதனம்! (இந்த முரணை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.)

'எகிப்தியன்' என்ற பெயரும் இதே மாதிரிதான். நெப்போலியன் 1798-ல் எகிப்துக்குப் படையெடுத்த பிறகு ஐரோப்பா முழுக்க எகிப்து மோகம். ரொசெட்டா கல் 1802 முதல் பிரிட்டிஷ் மியூசியத்தில். நாற்காலி, விளக்கு, கட்டடம் எல்லாவற்றிலும் பிரமிடும் ஸ்பிங்ஸும். எழுத்து வியாபாரிகள் மட்டும் சும்மா இருப்பார்களா? வேடிக்கை என்னவென்றால், 1816-ல் நான்காம் வில்லியம் காஸ்லன் 'எகிப்தியன்' என்று பெயர் போட்டு வெளியிட்ட எழுத்தில் செரிஃபே கிடையாது. கொஞ்ச நாளில் அந்தப் பெயர் இடம் மாறி ஸ்லாப் வகைக்கு ஒட்டிக்கொண்டது. ஆக எகிப்துக்கும் இந்த எழுத்துக்கும் உள்ள உறவு, சில ஊர்களில் பாம்பே மிட்டாய்க்கும் பாம்பேக்கும் உள்ள உறவுதான்.

எழுத்துக்கு 'எகிப்தியன்' பெயரை நிலைக்க வைத்ததில் இன்னொரு பட்டறைக்குப் பங்கு உண்டு. லண்டன் ஃபேன் தெருவில் இருந்தது. குண்டு எழுத்துகளுக்குப் பேர்போன ராபர்ட் தார்ன் நடத்தியது. அவர் 1820-ல் இறந்ததும் வில்லியம் தாரோகுட் என்பவர் ஏலத்தில் வாங்கினார். வாங்கிய பணம் லாட்டரியில் விழுந்தது என்று அச்சு வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். லாட்டரி நோட்டீஸுக்கு எழுத்து வார்த்த பட்டறையை லாட்டரிப் பணமே வாங்கிக்கொண்டது. கதை எழுதுபவர்களுக்குக்கூட இப்படித் தோன்றாது :-)

பெஸ்லியின் கண்டுபிடிப்பு

அதே ஃபேன் தெருப் பட்டறையில் 1826-ல் வேலைக்குச் சேர்ந்தவர் ராபர்ட் பெஸ்லி. பிறகு பங்குதாரர் ஆனார். 1845-ல் அவருடைய பட்டறை வெளியிட்ட எழுத்துதான் கிளாரண்டன். எஃகில் அச்சாணி செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ்.

கிளாரண்டன் முதலில் போஸ்டருக்காக வந்தது இல்லை என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். அது சிறிய அளவில், கொஞ்சம் ஒடுக்கமாக வார்க்கப்பட்டது. சாதாரணப் புத்தக எழுத்தின் நடுவே, அதே வரியில், அதே உயரத்தில் நிற்க வேண்டும். ஆனால் சட்டென்று கண்ணில் பட வேண்டும். அதுதான் அதன் வேலை.

அதற்கு முன்னால் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட என்ன செய்தார்கள்? சாய்வெழுத்து போட்டார்கள், சின்ன அளவு பெரிய எழுத்துகள் போட்டார்கள், சில இடங்களில் பழைய கோதிக் எழுத்தைச் சொருகினார்கள். சந்தையில் கிடைத்த ஒரு தடித்த ஸ்லாப் எழுத்தை வரிக்குள் திணித்தும் பார்த்தார்கள். அது பக்கத்து எழுத்துகளோடு ஒட்டாமல், மல்லிகைச் சரத்தில் வெங்காயம் கோர்த்தது போல நின்றது. பெஸ்லி செய்தது என்னவென்றால், தடித்த எழுத்தை முரட்டுத்தனம் குறைத்து, தண்டும் பட்டையும் சேரும் இடத்தில் வளைவு கொடுத்து, தடிமனில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் வைத்து, மெல்லிய எழுத்தோடு குடும்பம் நடத்தப் பழக்கியது.

இன்று வேர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் சொல் தடித்துவிடுகிறது. அந்தப் பட்டனின் கொள்ளுத்தாத்தா கிளாரண்டன் என்று சொன்னால் மிகையில்லை. அகராதிகள், ரயில் கால அட்டவணைகள், விலைப்பட்டியல்கள் எல்லாம் அதைக் கொத்திக்கொண்டு போயின. 1884-ல் முதல் பகுதி வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் தலைச்சொற்கள் கிளாரண்டனில்தான் அச்சாயின. லட்சக்கணக்கான சொற்களுக்கு நடுவே தேடுகிற ஒரு சொல்லைக் கண் சட்டென்று பிடிக்கிறது என்றால் அதற்குக் காரணம் இந்தத் தடிமன்தான்.

சரி, இதில் பெஸ்லிக்கு என்ன கிடைத்தது? இங்கிலாந்தில் 1842-ல் வடிவமைப்புகளைப் பதிவு செய்து காப்பாற்றும் சட்டம் ஒன்று வந்திருந்தது. அதன்படி கிளாரண்டனைப் பதிவு செய்தார். இப்படிப் பதிவான முதல் எழுத்து அதுதான் என்பார்கள். ஆனால் பாதுகாப்பு மூன்றே மூன்று வருஷம். கெடு முடிந்ததும் மற்ற பட்டறைகள் எல்லாம் பாய்ந்தன. ஆளாளுக்கு ஒரு கிளாரண்டன். 'கிளாரண்டன்' என்பது ஓர் எழுத்தின் பெயராக இல்லாமல், தடித்த எழுத்துக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது. போட்டோகாப்பியை ஜெராக்ஸ் என்கிற மாதிரி. பெஸ்லி ஒன்றும் நொடித்துப் போகவில்லை. 1869-ல் லண்டன் மாநகரின் லார்டு மேயர் ஆனார். ஆனாலும் ஒருவர் உழைப்பு மூன்று வருஷத்தில் ஊர்ப் பொதுச்சொத்து ஆனது சரியா என்ற கேள்வி அன்று தொடங்கி இன்றுவரை தீரவில்லை.

மரத்தில் ஏறியது

அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ஈயத்தில் பெரிய எழுத்து வார்ப்பது கஷ்டம். கனம் அதிகம், விலை அதிகம், ஆறும்போது முகம் சீராக வராது. 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்துகளைக் கடைந்தெடுக்கும் ரூட்டர் யந்திரத்தைக் கொண்டுவந்தார். 1834-ல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பேண்டோகிராஃபைச் சேர்த்தார். ஒரு மாதிரி வடிவத்தைத் தடவிக்கொண்டே போனால், வேண்டிய அளவில் எழுத்து தயார்.

மரத்துக்கும் ஸ்லாபுக்கும் நல்ல பொருத்தம். மெல்லிய கோடு மரத்தில் பிய்ந்து போகும், தடித்த கோடு தாங்கும். சர்க்கஸ், ஏலம், ஓடிப்போன குதிரை, அரசியல் கூட்டம் எல்லாம் இந்த மர எழுத்தில்தான் கத்தின. ஒரே போஸ்டரில் ஏழெட்டு விதமான எழுத்து இருக்கும். அழகுக்காக மட்டும் இல்லை. நீளமான சொல்லுக்கு ஒடுங்கிய எழுத்து, குட்டிச் சொல்லுக்கு அகன்ற எழுத்து என்று போட்டால் எல்லா வரியும் காகித அகலத்துக்குச் சரியாக வந்து உட்காரும். இன்றைக்கு "விண்டேஜ் ஸ்டைல்" என்று காசு கொடுத்து வாங்குகிற அந்த அமைப்பு, அன்று அச்சக மேஜையில் எழுந்த நடைமுறைக் கணக்கு.

இருபதாம் நூற்றாண்டில் ஸ்லாப் கொஞ்சம் ஓய்ந்து மறுபடி எழுந்தது. 1929-ல் ஜெர்மனியின் ஸ்டெம்பல் பட்டறை மெம்ஃபிஸ் வெளியிட்டது, ருடால்ஃப் வுல்ஃப் வரைந்தது. 1934-ல் மோனோடைப்பின் ராக்வெல். கார்னாக், கெய்ரோ என்று மறுபடியும் எகிப்து ஊர்ப் பெயர்கள். 1953-ல் ஸ்விட்சர்லாந்தின் ஹாஸ் பட்டறைக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் கிளாரண்டனை மறுபடி வரைந்தார். இன்று கணினியில் கிளாரண்டன் என்று பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பரம்பரை. அமெரிக்க தேசியப் பூங்காக்களின் அறிவிப்புப் பலகைகளில் வருஷக்கணக்கில் கிளாரண்டன் இருந்தது. பிறகு அந்தத் துறை தனக்கென்று ராலின்சன் என்ற எழுத்தை வரையச் செய்து மாறத் தொடங்கியது.

குணம் என்ன?

எழுத்துக்குக் குணம் உண்டா என்று சிலர் சிரிப்பார்கள். மரண அறிவிப்பைக் கோமாளி எழுத்தில் அச்சடித்துப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

கிளாரண்டனின் குணம் சந்தையில் நல்ல சரக்கு விற்கும் பெரிய மனிதரின் குணம். குரல் பெரிது, ஆனால் கோபம் இல்லை. கால் இரண்டையும் அகட்டித் தரையில் ஊன்றி நிற்கிறது. பட்டைகள் அதற்குத் தரை மாதிரி. வளைவுகள் இருப்பதால் முரடாகத் தெரியவில்லை. சின்ன ஏ எழுத்தின் முனையில் உருண்டையாக ஒரு பொட்டு, பெரிய ஆர் எழுத்தின் கால் கடைசியில் மேல்நோக்கி ஒரு சுழி. கனத்த உடம்புக்குள் கொஞ்சம் குறும்பு. ராக்வெல் எஞ்சினியர். பிரெஞ்சு கிளாரண்டன் சர்க்கஸ்காரன். கிளாரண்டன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குடும்பஸ்தன்.

அதனால் பயன்களும் தெளிவு. குறைந்த சொற்கள், பெரிய அளவு, தூரத்துப் பார்வை: தலைப்பு, பலகை, மூட்டை மேல் முத்திரை. எண்களுக்குக் கிளாரண்டனை அடிக்க ஆள் இல்லை. விலை, வீட்டு எண், மேடை எண் எல்லாம் கம்பீரமாக நிற்கும். அச்சு மோசமாக இருக்கும் இடத்திலும் ஸ்லாப் பிழைத்துக்கொள்ளும். சொரசொரப்பான அட்டைப்பெட்டி, சாக்கு, ரப்பர் ஸ்டாம்ப் எதுவானாலும் சரி. 2007-ல் வந்த முதல் கிண்டிலில் படிப்பதற்கு வைத்த எழுத்து கேசிலியா, அதுவும் ஒரு ஸ்லாப்தான் (தடித்தது இல்லை, மென்மையான வகை). அன்றைய மின்தாள் திரை சாம்பல் பூத்தது, மெல்லிய கோடுகள் அதில் காணாமல் போகும். அன்று மோசமான காகிதம், பிறகு மோசமான திரை. பிரச்சினை ஒன்றுதான், தீர்வும் ஒன்றுதான்.

ஆகாத இடங்களும் உண்டு. நீளமான பத்தியைத் தடித்த ஸ்லாபில் போட்டால் பக்கம் முழுக்கத் தார் பூசியது போல ஆகிவிடும், பத்து வரிக்குள் கண் வலிக்கும். கறுப்புப் பின்னணியில் பொடி வெள்ளை எழுத்தாகப் போட்டால் பட்டைகளுக்கு நடுவே உள்ள சந்துகள் அடைந்துவிடும். ரகசியம், துக்கம், மெல்லிய நகைச்சுவை இவற்றுக்கு இந்தக் குரல் ஒத்துவராது. ஒலிபெருக்கியில் யாரும் தாலாட்டுப் பாடுவதில்லை.

இப்போது காப்பிக்கடைக்குத் திரும்பலாம்

அந்தப் போன வருஷத்துக் கடை இந்த எழுத்தை வைத்து என்ன சொல்லப் பார்க்கிறது? "இங்கே காப்பி கிடைக்கும்" என்று மட்டும் இல்லை. "மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம், நம்புங்கள்" என்று சொல்லப் பார்க்கிறது. வாயால் சொன்னால் பொய் என்று பிடித்துவிடலாம். எழுத்தால் சொன்னால் யாரும் கேட்பதில்லை. பழமை என்பது நம்பிக்கைக்கு ஒரு குறுக்கு வழி. உண்மையிலேயே அறுபது வருஷம் ஒரே இடத்தில் கடை நடத்தியவர் சம்பாதித்த மரியாதையை, எழுத்துருவை மாற்றி ஒரே ராத்திரியில் எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

அந்தத் தேய்ந்த ஓரங்களைப் பாருங்கள். மர எழுத்தில் விளிம்பு பிய்ந்துவிட்டால் அந்தக் காலத்து அச்சுக்காரர் வருத்தப்பட்டிருப்பார். மை சீராக ஒட்டுவதற்காக அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, அடியில் காகிதத் துண்டு வைத்து உயர்த்திப் படாதபாடு பட்டார்கள். அவர்கள் எதை ஒழிக்கப் போராடினார்களோ அதையே இன்று தனியாக விலை போட்டு விற்கிறார்கள். அவர்களுடைய தொழில் திறமைக்குச் செய்யும் மரியாதை இது இல்லை, தோல்விக்குச் செய்யும் மரியாதை.

இந்த இடத்தில் ஒரு நல்ல ஆட்சேபம் வரும். "ஃபிகின்ஸே அன்றைக்குப் பிறந்த எழுத்துக்குப் புராதனம் என்று பெயர் வைத்தாரே, அப்போது பொய் அதன் ரத்தத்திலேயே இருக்கிறதல்லவா?" என்று. நியாயமான கேள்வி. ஆனால் பெயர் வேறு, வேலை வேறு. ஃபிகின்ஸும் பெஸ்லியும் பெயரில்தான் கொஞ்சம் அளந்தார்கள். எழுத்தோ தன் காலத்துப் பிரச்சினைக்கு நேராகப் பதில் சொன்னது. தூரத்தில் தெரிய வேண்டும், நசுங்கக் கூடாது, வரிக்குள் தனித்து நிற்க வேண்டும். அது பழைய காலத்தைப் பார்த்து ஏங்கவில்லை. 1817-ல் தெருவில் நடந்தவனுக்கு அது பார்த்தே இராத புதுசு. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் சிலர் அசிங்கம் என்றுகூட முகம் சுளித்தார்கள்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பெஸ்லியின் எழுத்தில் உள்ள அறிவு தடிமனில் மட்டும் இல்லை, பக்கத்தில் மெலிந்த எழுத்து இருக்கிறது என்று கணக்குப் போட்டதில் இருக்கிறது. தடித்த சொல் ஒன்று, சுற்றிலும் தடிக்காத சொற்கள் நூறு. அப்போதுதான் அந்த ஒன்று பேசும். தெரு முழுக்க எல்லாக் கடையும் தடித்த ஸ்லாபில் கத்தினால் எந்தக் கடையும் காதில் விழாது. பஸ் ஸ்டாண்டில் பத்து கண்டக்டர்கள் ஒரே நேரத்தில் ஊர்ப்பெயர் கூவுகிற மாதிரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் சுவர்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. ஒருவர் தடித்தால் அடுத்தவர் இன்னும் தடித்தார். கடைசியில் யாரும் தடியாகத் தெரியவில்லை.

இது டிசைனர்களுக்கு மட்டும் இல்லை. பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தில் ஹைலைட்டரைப் பிடித்து எல்லா வரிக்கும் மஞ்சள் அடிப்பவர்கள், செமினார் ஸ்லைடில் எல்லாச் சொல்லையும் போல்டு போடுபவர்கள் எல்லாரும் யோசிக்கலாம். எல்லாமே முக்கியம் என்றால் எதுவுமே முக்கியம் இல்லை.

தமிழில் என்ன செய்வது?

தமிழுக்கு இதில் சம்பந்தம் உண்டா என்றால், உண்டு. தமிழில் சாய்வெழுத்து மரபாக வந்ததில்லை. கணினியில் சாய்த்தால் எழுத்து சறுக்கி விழுவது போலத்தான் இருக்கும். ஆகவே அழுத்திச் சொல்லத் தமிழ் அச்சுக்குத் தடித்த எழுத்தே பெரிய துணை. அகராதித் தலைச்சொல், பாடப்புத்தகத் தலைப்பு எல்லாம் அதை நம்பித்தான். ஆனால் ண, ஞ போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருக்கம். யோசிக்காமல் தடிமனைக் கூட்டினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை காணாமல் போகும். தமிழுக்கு நல்ல போல்டு வேண்டும் என்றால் அதை உட்கார்ந்து தனியாக வரைய வேண்டும், பட்டனைத் தட்டி வீங்க வைக்கக் கூடாது.

இப்போது இன்னொரு ஆசை கிளம்பியிருக்கிறது. ஆங்கில லோகோ ஸ்லாபில் இருந்தால், பக்கத்தில் வரும் தமிழுக்கும் அதே மாதிரி காலடியில் பட்டை ஒட்டிவிடுவது. இது ஆபத்து. பல எழுத்துருக்களில் ர என்ற எழுத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசமே அடியில் உள்ள அந்தச் சின்ன இழுப்புதான். துணைக்காலுக்குச் செருப்பு மாட்டிவிட்டால் அது ர-வா, காலா என்று படிப்பவர் தடுமாறுவார். ஸ்லாபின் நோக்கமே தூரத்தில் தெளிவாகத் தெரிவது. தெளிவைக் கெடுத்து ஸ்லாபை ஒட்டுவது, மழைக்கு ஒதுங்கக் கூரையைப் பிரிப்பது போல. தமிழில் அந்தக் குணத்தைக் கொண்டுவர வேறு வழிகள் உண்டு. கோட்டின் தடிமனை ஒரே சீராக வைப்பது, முனைகளைச் சதுரமாக வெட்டுவது, கீழ்க்கோடு இயல்பாகவே இருக்கும் ட, ப போன்ற எழுத்துகளில் அந்தக் கோட்டை உறுதியாக நிறுத்துவது. கடன் வாங்க வேண்டியது உருவத்தை அல்ல, யோசனையை.

கடைசியாக, காசு விஷயம்

பெஸ்லிக்குக் கிடைத்த மூன்று வருஷத்தை நினைத்துப் பரிதாபப்படுகிற பலரின் கணினியிலேயே திருட்டு எழுத்துருக்கள் நிறைய இருக்கும். கல்லூரி ப்ராஜெக்ட்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம். ஒரு எழுத்துருவில் நூற்றுக்கணக்கான உருவங்கள், ஒவ்வொரு ஜோடிக்கும் இடைவெளிக் கணக்கு, மாதக்கணக்கில் உழைப்பு. அதை இரண்டு கிளிக்கில் எடுத்துக்கொண்டு, அதன் மேலேயே தன் லோகோவுக்கு உரிமை கொண்டாடுவது வேடிக்கை.

சாக்குச் சொல்லவும் இப்போது இடமில்லை. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாக, உரிமத்தோடு நல்ல ஸ்லாப்கள் கிடைக்கின்றன. ஆல்ஃபா ஸ்லாப் ஒன், தார்ன் காலத்து 'எகிப்தியன்' எழுத்தைப் பார்த்து வரைந்தது. ராபோடோ ஸ்லாப், திரைக்கு ஏற்றது. மொசில்லா வெளியிட்ட ஸில்லா ஸ்லாப் இருக்கிறது. கிளாரண்டனே வேண்டும் என்பவர்களுக்கு ஓவன் எர்ல் என்பவர் அதைத் திறந்த உரிமத்தில் புதிதாக வரைந்து கொடுத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். அந்த எழுத்துருவுக்கு அவர் வைத்த பெயர் பெஸ்லி.

காப்பியடிக்கக் கூடாது என்று பதிவு செய்தவரின் பெயரில், எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் எழுத்து. கேட்டுவிட்டு எடுப்பதற்கும் கேட்காமல் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட எளிதாக யாரும் விளக்கிவிட முடியாது.

அடுத்த முறை கல்லூரி விழாவுக்கு போஸ்டர் செய்யும்போது அந்த எழுத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சொல்லை மட்டும் அதில் போடுங்கள், பெரிதாக. தேய்ந்த ஓரம் வேண்டாம், பொய்யான வருஷம் வேண்டாம். மற்றதெல்லாம் மெலிந்த எழுத்தில் இருக்கட்டும். அப்புறம் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அந்தச் சொல் கூப்பிடும்.